வலுத்ததும் வலுப்படுத்தியதும்

2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எமது பாடசாலையின் ஆங்கில ஆசிரியை பிரசவ விடுமுறையிற் சென்றிருந்த வேளை, பதினோராந் தரத்தின் ஆங்கிலப் பாடவேளைகள் சில எம் பொறுப்பில் வந்து சேர்ந்தன. தமிழ் கற்பிப்பவனிடம் ஆங்கில வகுப்பை ஒப்படைப்பது நமது கிராமப்புறப் பாடசாலைகளுக்குப் புதுமையன்று. ஆங்கில இலக்கணத்தைத் தொட எமக்குத் துணிவில்லை. ஆதலின் பழைய வழியொன்றைக் கைக்கொண்டோம். ஆங்கிலச் செய்தித்தாளைக் கொண்டுபோய் அதிலிருந்து சிறு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, மாணவரைத் தமிழாக்கும்படி சொன்னோம். அன்று எழுதியவற்றுள் மிகச் சிறியது மூன்றே சொற்களாலானது: 'த ருப்பி ஸ்ட்ரெங்தன்ட்.'

'ரூபா வலுவடைந்தது' என்றே பெரும்பாலானோர் எழுதினர். வானொலிச் செய்தியில் நாள்தோறும் அவர்கள் செவியில் விழுந்த வாக்கியம் அது. ஒருவன் மாத்திரம் 'ரூபா வலுப்படுத்தியது' என எழுதியிருந்தான். அகராதியைப் புரட்டி, அங்கு முதற்பொருளாகக் கண்டதை எடுத்துவைத்தவன் அவன். ரூபா எதை வலுப்படுத்தியது என்று கேட்டு வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன், பின்வாங்கிலில் இருந்த மாணவியொருத்தி எழுந்து நின்றாள்.

"சேர், அப்ப றூபா தானா வலுத்ததோ, இல்லாட்டி ஆரும் வலுப்படுத்தினவையோ? இங்கிலீசில அது தெரியேல்லையே."

எம்மிடம் விடையில்லை. பாடவேளை முடிந்து மணி அடித்தது, நாமும் வெளியேறினோம். ஆனால் அவ்வினா எம்மை விட்டு வெளியேறவில்லை.

வலிமை என்னும் பொருளுடைய 'ஸ்ட்ரெங்த்' என்ற பெயர்ச்சொல்லோடு 'என்' விகுதி சேர்ந்து பிறந்தது இவ்வினை. 'டார்க்' என்பதிலிருந்து 'டார்க்கன்', 'வீக்' என்பதிலிருந்து 'வீக்கன்' எனப் பண்படைகளோடு இவ்விகுதி சேர்வதே பெருவழக்கு. 'ஸ்ட்ரோங்' என்ற பண்படை இருக்க, அதனை விட்டுப் பெயரோடு சேர்ந்தமை இங்கே காணும் புதுமை. 'லெங்தன்', 'ஹைட்டன்' ஆகியன இதற்கு உடன்பிறப்புக்கள். இது ஒலிபற்றிய செய்தி. எமது மாணவி கேட்டது பொருள்பற்றியது. இவ்வினை செயப்படுபொருள் ஏற்கும், ஏலாதும் நிற்கும். கொத்தன் சுவரை வலுப்படுத்தினாலும் 'ஸ்ட்ரெங்தன்'. காற்று வலுத்தாலும் 'ஸ்ட்ரெங்தன்'. வடிவில் இம்மியளவு மாற்றமில்லை. வாக்கியத்தில் வேறொரு பெயர் பின்னே வந்தாற் செய்தல், வராவிடின் ஆதல். ஆங்கிலத்தில் இத்தகைய வினைகள் பல நூறு உள. கதவைத் திறப்பதற்கும் கதவு திறப்பதற்கும் அவர்களுக்கு ஒரு சொல்லே போதும். (திறத்தலில் நமக்கும் அப்படித்தான் என்று இலக்கணம் அறிந்த வாசகர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மை, விதிவிலக்குகள் நம்மிடமும் உள.)

எனினும் தமிழின் பெருவழக்கு வேறு. பெருகுவது ஒன்று, பெருக்குவது வேறொன்று. திருந்துதலும் திருத்துதலும், ஆறுதலும் ஆற்றுதலும், திரளுதலும் திரட்டுதலும் அவ்வாறே. மெய்யெழுத்தில் நேரும் அந்தச் சிறு மாற்றத்தில் ஒரு கை மறைந்திருந்து வெளிப்படுகிறது. தன்வினை, பிறவினை என்று நாம் பாடசாலையிற் கற்பிப்பது இதனையே. இக்காலத் தமிழை ஆராய்ந்த கு. பரமசிவம் அவர்கள் இயங்குவினை, இயக்குவினை என்ற பெயர்களைக் கையாண்டார்கள். எமக்கு அப்பெயர்களே பிடித்தமானவை. வகுப்பிற் சொன்னால் மாணவருக்கு உடனே விளங்குகிறது. எது இயங்கியது, யார் இயக்கியது என்று கேட்கத் தலைப்படுகிறார்கள்.

1953 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆந் திகதி நிகழ்ந்த ஹர்த்தாலை எடுத்துக்கொள்வோம். பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மக்கள் திரண்டார்களா, இடதுசாரிக் கட்சிகள் அவர்களைத் திரட்டினவா? நமது முற்போக்கு அணியினர் இன்றுவரை வாதாடும் வினா இது. தமிழில் அவ்வாதத்தை ஒரு மெய்யெழுத்தின் வேறுபாட்டிலே நடத்திவிடலாம்.

இதைக் கொண்டு மொழிப்பெருமை பாடப் புறப்படுவோர் சற்றே பொறுக்க. சிங்களத்திலும் 'சக்திமத் வெனவா' என்றால் வலுவடைதல், 'சக்திமத் கரனவா' என்றால் வலுப்படுத்தல். வேற்றுமை அங்கும் தெளிவாகவே உண்டு. ஆங்கிலமோ கையில்லாத மொழியன்று. செய்தவனைச் சொல்ல விரும்பினால் அவர்களுக்குச் செயப்பாட்டுவினை இருக்கிறது. செய்தவன் பெயரை நேராகவே எழுவாயாக வைப்பதற்கும் தடையில்லை. சொல்லாமல் விடும் வசதியை அம்மொழி தருகிறது என்பதே விடயம். அந்த வசதியை யார், எப்போது எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். வேற்றுமை தெளிவாயுள்ள தமிழிலே 'வலுவடைந்தது' என்று எழுதி அதே வசதியை நாமும் எடுத்துக்கொள்கிறோமே, அதனையும் உடன் பார்க்கவேண்டும்.

வலுத்தல் என்பது நமது பேச்சிலே தொன்றுதொட்டு வாழும் சொல். மழை வலுக்கிறது. காய்ச்சல் வலுக்கிறது. ஒழுங்கையிலே இரு வீட்டாரின் சண்டை வலுக்கிறது. தாழமுக்கம் வலுப்பெற்றுச் சூறாவளியாக மாறுகிறது. இவையாவும் மனிதரின் கைக்கு அப்பாற்பட்டவை, அல்லது கைமீறியவை. மழையை வலுக்கச்செய்தவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. இந்த வரிசையிலே ரூபாவைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் செய்தி மொழியின் சாமர்த்தியம். நாணயமும் ஒரு காலநிலை. அது வீழும், எழும். குடைபிடிப்பது மாத்திரமே நம் வேலை.

(வலி என்னும் சொல்லின் கதை தனியே எழுதத்தக்கது. திருக்குறளின் 48 ஆம் அதிகாரம் வலியறிதல். இதனைக் கற்பிக்கும்போதெல்லாம் நோவை அறிவதற்கு ஓர் அதிகாரமா என்று கேட்கும் மாணவர் ஒருவர் ஆண்டுதோறும் இருப்பார். வலியைச் சேர்ப்பதாகிய வலியுறுத்தலோ, பிறரிடம் ஒன்றைக் கேட்டு நிற்பதாகிவிட்டது. சங்கங்கள் வலியுறுத்துகின்றன, அமைச்சர்கள் வலுப்படுத்துகிறார்கள். உரம் என்பதும் வலிமையே. 'உரமூட்டியது' என்று எழுதலாமா சேர் என ஒருவன் கேட்டதற்கு, 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட போகத்தில் நட்டப்பட்ட ஒரு கமக்காரனின் மகன், "உரமே கிடைக்கேல்லை, பிறகெங்க ஊட்டுறது" என்றான்.)

அடுத்த கிழமை அம்மாணவிக்கு விடை சொல்ல முயன்றோம். 2022 மார்ச்சுக்கு முன்பு ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா. மத்திய வங்கி தன் பிடியைத் தளர்த்தியபின், இரண்டு மாதங்களுக்குள் அது 360 ரூபாவை எட்டிற்று. அவ்வாண்டு ஏப்பிரிலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அதனையொட்டிய மாதங்களில் டொலரின் விலை 300 ரூபாவின் அயலுக்கு இறங்கியது. இந்த இறக்கத்துக்கே 'ரூபா வலுவடைந்தது' என்று பெயர். 200 இலிருந்து பார்த்தால், வலுவடைந்த பின்னும் ரூபா தன் பெறுமதியில் மூன்றிலொரு பங்கை இழந்தே நின்றது. பாணின் விலையும் பேருந்துக் கட்டணமும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நோயாளி வலுவடைந்தார் என்றால், கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார் என்றும் பொருள்படலாம். வயலுக்கு இறங்கினார் என்றும் பொருள்படலாம். எதனோடு ஒப்பிட்டு வலுவடைந்தது என்று கேளாமல் இவ்வினையை ஏற்பது தவறு என்று வகுப்பிலே சொன்னோம்.

அடுத்தது, யார் வலுப்படுத்தினார்கள் என்பது. அந்த 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் ஏறக்குறைய 600 கோடி டொலர். மத்திய கிழக்கின் வீடுகளிலே சமைத்தும் துடைத்தும் பிள்ளை வளர்த்தும் நமது பெண்கள் உழைத்த பணம் அதிலே கலந்திருக்கிறது. கட்டவேண்டிய கடனைக் கட்டாது நிறுத்தியமையால் டொலர்கள் வெளியேறவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் வாங்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தையும், உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தையும் அண்மித்தபோது, பால்மா வாங்காத வீடும் ஒருவேளை சமையலை நிறுத்திய வீடும் எத்தனை! வாங்காத ஒவ்வொரு பொருளும் மிச்சப்படுத்தப்பட்ட டொலர். ஆக, ரூபாவை வலுப்படுத்தியவர்களுள் உண்ணாதிருந்தவர்களும் உளர். ஆயினும் வாக்கியத்தில் அவர்களுக்கு இடமில்லை; ஏனெனில் அது எழுவாயை ரூபாவிடம் கொடுத்துவிட்டது.

நாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே வாரங்களிலே உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஊழியர் சேமலாப நிதி தன்வசமிருந்த திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றிக்கொள்ளவேண்டும். 2025 வரை 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம். மறுத்தால் அந்நிதியின் வருமானத்துக்கு 30 சதவீத வரி. வங்கிகள் இச்சுமையிலிருந்து விலக்கப்பட்டன. அவை ஏற்கெனவே கூடிய வரி செலுத்துகின்றன, வைப்பாளரின் நலன் காக்கப்படவேண்டும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். சேமலாப நிதியும் வைப்புத்தானே, தொழிலாளர்கள் வைப்பாளர்கள் அல்லரோ என்று சங்கங்கள் கேட்டன. இத்திட்டத்தை விளக்கும் பேச்சுக்களிலும் அறிக்கைகளிலும் நமது வினை ஓயாமல் வந்து போயிற்று: பொருளாதாரம் வலுவடையும், நிதியுறுதி வலுப்பெறும். எமது மாணவியின் தாய் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவரது சேமிப்பின் வட்டியிலிருந்து வலு பெறப்பட்டது. பெற்றது எது என்று வாக்கியம் சொல்கிறது, கொடுத்தவர் யார் என்று சொல்லவில்லை.

ஆங்கிலத்தில் இவ்வினைக்கு நெருங்கிய இன்னொரு வினை உண்டு: 'எம்பவர்'. அது செயப்படுபொருள் இல்லாமல் நில்லாது. யாரேனும் யாருக்கேனும் கொடுத்தே ஆகவேண்டும். முதலில் அது சட்டத்தின் மொழி. ஒருவருக்கு ஒரு கருமத்தைச் செய்யும் அதிகாரத்தை எழுத்திலே அளித்தல். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒடுக்கப்பட்டோரின் இயக்கங்கள் அதனைத் தம் கையில் எடுத்தன. பின்னர் கடன் கொடுப்போரும் கையிலெடுத்தனர். தமிழ்நாட்டில் 'அதிகாரமளித்தல்' என்றும் நம் நாட்டில் 'வலுவூட்டல்' என்றும் எழுதுகிறோம். அதிகாரத்தையே கேட்கும் மொழிபெயர்ப்பு அங்கே. நமக்கு வாய்த்ததோ குழந்தைக்குச் சோறூட்டுவதுபோன்ற சொல். போர் முடிந்த 2009 இன் பின் வடக்குக் கிழக்கின் கிராமங்களில் 'பெண்களை வலுவூட்டல்' என்ற பெயர்ப்பலகையின் கீழே நுண்கடன் வந்து இறங்கியது. கிழமைக்கொருமுறை தவணை, குழுவில் ஒருத்தி தவறினால் மற்றையோர் பொறுப்பு, ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன். இத்துயரம் வடக்குக் கிழக்கோடு நிற்கவில்லை. 2021 மார்ச் 8 ஆந் திகதி, பெண்கள் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையிலே கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். வலுவூட்டப்பட்டவர்கள் எழுந்துநின்று, ஊட்டியது போதும் என்று சொன்ன நாள் என்றே அதனை நாம் நினைவிற் கொள்கிறோம்.

இதுவரை பிறர் வாக்கியங்களைக் குறைகூறினோம். எமது வாக்கியமொன்றும் இருக்கிறது.

2021 ஆம் ஆண்டு யூலை 12 ஆந் திகதி நாட்டின் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்க்கப்படாதிருந்தது. ஆர்ப்பாட்டத்திற் கைதான தொழிற்சங்கத் தலைவர்களை முல்லைத்தீவுத் தனிமைப்படுத்தல் முகாமுக்கு அனுப்பியமை கோபத்தைக் கிளப்பிற்று. ஒக்டோபர் 25 ஆந் திகதி கடமைக்குத் திரும்பும்வரை நூறு நாட்களுக்கு மேல் அப்போராட்டம் நீடித்தது. அது நியாயமான போராட்டம் என்று அன்றும் நம்பினோம், இன்றும் நம்புகிறோம். கேட்டதில் ஒரு பகுதியே கிடைத்தது. அதுவும் போராடாவிடிற் கிடைத்திராது. எமது பகுதியில் வெளியிடப்பட்ட துண்டுப்பிரசுரமொன்றைத் தமிழில் எழுதும் பொறுப்பு எமக்கு வந்தது. அதன் முதல் வாக்கியம்: 'எமது போராட்டம் நாளுக்கு நாள் வலுவடைந்து வருகின்றது.'

மாணவியின் வினாவின் பின்னர், பழைய கோவையொன்றிலிருந்து அத்துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பார்த்தோம். மழை வலுத்தது போல எமது போராட்டமும் வலுத்திருந்தது! வலுப்படுத்தியவர் யார், யாருடைய செலவிலே என்று ஒரு சொல்லுமில்லை. கைப்பேசியில்லாத பிள்ளைகளுக்கு அதற்கு முன்பும் இணையவழியிற் பாடம் நடக்கவில்லை என்பது மெய்யே. நோய்த்தொற்றினால் மூடிக்கிடந்த பாடசாலையை நாம் மூடவில்லை. இந்த நியாயங்களை நாம் நன்கு அறிவோம், பலமுறை பேசியுமிருக்கிறோம். ஆனால் எட்டாந் தரத்தில் நாம் வகுப்பாசிரியராயிருந்த மாணவர்களுள் இருவர், பாடசாலை மீளத் திறந்தபோது திரும்பி வரவில்லை. ஒருவன் கடலுக்குப் போனான். மற்றவன் மேசன் வேலைக்குக் கையாளாகப் போனான். அவர்கள் வீடுகளுக்கு நாம் சென்றது நவம்பரிலேதான். போராட்டம் நடந்த மாதங்களிற் சென்றிருக்கலாம். சென்றிருந்தால் எமது சங்கம் தடுத்திராது. கிராமத்துப் பெற்றோர் எம் பக்கம் நிற்கவும்கூடும். அக்காலத்தில் நாம் கூட்டங்களுக்குச் சென்றோம், பதாகைக்கு வாசகம் எழுதினோம். பெற்றோரிடம் போய், உங்கள் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைத்துத்தான் நாம் நிற்கிறோம், நீங்களும் எம்மோடு நில்லுங்கள் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அந்த வாக்கியத்தை எழுதியிருந்தால் துண்டுப்பிரசுரம் வேறாக இருந்திருக்கும். ஒருவேளை போராட்டமும்.

2024 செப்டெம்பரில், எமது உறவினரொருவரின் வீட்டுக்குப் பிளாற் போட்டு மூன்று நாட்களான பின் அங்கே செல்ல நேர்ந்தது. மேலே ஒரு இளைஞன் குழாயினால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். கையாளாகப் போனவன் அவன்தான். எம்மைக் கண்டு குழாயைக் கீழே வைத்துவிட்டு இறங்கிவந்தான். உயர்ந்திருந்தான், மீசை அரும்பியிருந்தது. போட்ட கொங்கிறீற்று இறுகிவிட்டதே, இன்னும் ஏன் தண்ணீர் என்று, பேச்சுக்கு ஏதேனும் வேண்டுமே என்பதற்காகக் கேட்டோம்.

"இறுகினது வேற, வலுக்கிறது வேற, சேர். முழு வலுவும் வர இருபத்தெட்டு நாள் செல்லும். முதல் கிழமை தண்ணி விடாட்டி வெடிச்சுப் போடும். அது தன்பாட்டில வலுக்கும், ஆனா ஆரும் பக்கத்தில நிண்டு விடவேணும்."

தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பயிற்சிநெறி இருக்கிறதாம். சேர்வதற்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் கேட்கிறார்களாம். இடையில் விட்டவனுக்கு அதைத் தருவார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். தருவார்கள், திங்கட்கிழமை வா, நாமே அலுவலகத்தில் எடுத்துத் தருகிறோம் என்றோம். திங்கட்கிழமை வந்தால் நாட்சம்பளம் போய்விடும் என்றான். மழை பெய்து வேலை நின்றால் அன்றைக்கு வருகிறேன் சேர் என்று சொல்லிவிட்டு, குழாயை எடுக்க மேலே ஏறினான்.